ஆறு வயது வேர்: ஜின்செங் யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்

ஜின்செங் வேரின் வயதை அதன் தலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வேரின் உச்சியில் கழுத்துப் போல ஒடுங்கிய ஒரு பகுதி இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும்போது தண்டு காய்ந்து விழ, அந்த இடத்தில் ஒரு தழும்பு மிஞ்சும். தழும்புகளை எண்ணினால் ஆண்டுக் கணக்கு வந்துவிடும். மண்ணுக்கு மேலேயும் ஒரு கணக்கு உண்டு. முதலாண்டில் மூன்று சிற்றிலைகள் கொண்ட ஒரே ஓர் இலை. இரண்டாமாண்டில் ஐந்து சிற்றிலைகள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஓர் இலையாகக் கூடி, ஆறாமாண்டில் உள்ளங்கை விரித்தது போன்ற ஐந்து இலைகள் நிற்கும்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஜின்செங் இந்த உருவில் அறிமுகமாகவில்லை. மாத்திரையாக, தேநீர்ப் பொட்டலமாக, ஊக்க பானத்தின் சீட்டில் ஒரு சொல்லாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் எந்தச் செடி, வேரின் எந்தப் பகுதி, எப்படிப் பதப்படுத்தியது என்று தெரியாமல் “ஜின்செங் உடம்புக்கு நல்லதா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. ஆகவே வேரிலிருந்து தொடங்குவதுதான் சரி.

கொரியாவில் இதன் பெயர் இன்சாம், சீனத்தில் ரென்ஷென். இரண்டுக்கும் பொருள் மனித வேர். உடலும் கைகால்களும் பிரிந்தது போன்ற வடிவத்தால் வந்த பெயர். தாவரவியலில் பனாக்ஸ் ஜின்செங். பனாக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு எல்லாவற்றையும் குணமாக்குவது என்று பொருள். அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றும். சீன, கொரிய மருத்துவர்கள் ஒருநாளும் இதை எல்லா நோய்க்கும் கொடுத்ததில்லை.

தென்கொரியாவின் கும்சான் இந்த வேருக்குப் பேர்போன ஊர். அங்கே பரம்பரையாக நடக்கும் சாகுபடி முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2018-இல் உலக வேளாண் மரபுச் சின்னங்களில் ஒன்றாக ஏற்றது. அந்தச் சாகுபடியைத் தெரிந்துகொண்டால் விலை ஏன் இப்படி என்பது புரியும். ஜூலையில் பழம் சிவக்கும். சதையை நீக்கி எடுத்த விதையில் கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஈரமணலில் அடுக்கி, காயாமல் தண்ணீர் காட்டி, ஏறக்குறைய நூறு நாள் வைத்திருந்தால் ஓடு வெடிக்கும். அதன் பிறகு ஒரு குளிர்காலத்தின் குளிரும் வேண்டும், அப்போதுதான் முளைக்கும். நடுவில் விதை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். செடி காட்டு மர நிழலில் வளர்ந்து பழகியது. வெளிச்சத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு போதும். அதனால் வயல் முழுக்க வடக்குப் பார்த்த சாய்வுப் பந்தல் போடுகிறார்கள். நேர்வெயில் பட்டால் இலை கருகும், மழைநீர் தேங்கினால் வேர் அழுகும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் மண். ஒருமுறை ஜின்செங் எடுத்த நிலத்தில் உடனே மறுபடி நட்டால் வேரழுகல் பூஞ்சை பிடித்து அழித்துவிடும். சிலிண்ட்ரோகார்ப்பன் என்னும் அந்தப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மேட்டு நிலமானால் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். நெல் வயலாக மாற்றி நீர் கட்டி வைத்தால் அந்தக் காலம் குறைகிறது. நடுவதற்கு முன்பும் ஓரிரு ஆண்டு வேறு பயிர் வைக்காமல் புல்வகைகளை வளர்த்து மடக்கி உழுவார்கள். ஆறு வயது வேர் என்றால் விவசாயிக்கு அது எட்டாண்டு முதலீடு.

ஆறு வயதோடு நிறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் தோட்டத்து வேர் கட்டை தட்டத் தொடங்கும், நோய்க்குப் பலியாகும் வாய்ப்பும் ஆண்டுக்காண்டு கூடும். ஆனால் நான்கு வயது வேரைவிட ஆறு வயது வேர் கிராமுக்குக் கிராம் பலமடங்கு வீரியமானது என்று நினைத்துவிடக் கூடாது. கூடுவது பெரும்பாலும் பருமனும் வடிவமும்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலையைத் தீர்மானிப்பது தடித்த நடுவேர். ஆனால் மருந்துச் சத்து எடைக்கு எடை அதிகம் இருப்பது ஓரத்து மெல்லிய சல்லி வேர்களில். கொரியக் கடைகளில் மிசாம் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் இந்தச் சல்லி வேர் தேநீருக்கு நன்றாகப் போதும். கசப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். மண்ணிலிருந்து ஏறும் பூச்சிக்கொல்லி எச்சமும் தோலிலும் சல்லியிலும் கூடுதலாகத் தங்கும் என்பதால், எச்சச் சோதனை செய்த சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். குவின்டோசீன் என்ற பூஞ்சைக்கொல்லி ஜின்செங்கில் நெடுங்காலமாகவே கண்டுபிடிக்கப்பட்டு வரும் ஒன்று.

ஆவியில் வேகும் வேர்

தோண்டி எடுத்த பச்சை வேரில் முக்கால் பங்கு தண்ணீர். கும்சான் சந்தையில் 750 கிராம் ஒரு கட்டு என்ற அளவில் விற்பார்கள். மண்ணைக் கழுவாமல், ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். கழுவி வைத்தால் தோலில் வழுவழுப்புத் தட்டி சீக்கிரம் கெட்டுவிடும்.

தோல் சீவி வெயிலில் காயவைத்தால் வெள்ளை ஜின்செங். தோலோடு ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு ஜின்செங், அதாவது ஹோங்சாம். நூறு டிகிரியை ஒட்டிய ஆவியில் இரண்டு மூன்று மணி நேரம் வேகும்போது வேரின் மாவுச்சத்து கூழாகிறது. காய்ந்த பிறகு அது கண்ணாடி போல இறுகிவிடும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதால் செம்பழுப்பு நிறம் வருகிறது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினைதான். ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைத்தால் பூஞ்சணமோ புழுவோ அண்டாமல் பல ஆண்டுகள் இருக்கும்.

வேக்காடு பாதுகாப்புக்காக மட்டும் செய்வதில்லை, மருந்தையே மாற்றிவிடுகிறது. வேரின் முதன்மைச் சத்துகள் ஜின்செனோசைடுகள். சோப்புக்காய் நுரைக்குக் காரணமான சப்போனின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆர்பி1, ஆர்ஜி1 போன்றவை பச்சை வேரிலேயே இருக்கின்றன. ஆவி பட்டதும் அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டுகள் சில உதிர்ந்து, ஆர்ஜி3, ஆர்ஜி5 போன்ற புதிய சேர்மங்கள் பிறக்கின்றன. பச்சை வேரில் இவை இல்லை என்றே சொல்லலாம். ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை காயவைக்கும் கருப்பு ஜின்செங்கில் இந்த மாற்றம் இன்னும் தூரம் போகிறது. ஆனால் சூடு மிஞ்சிக் கருகவிட்டால் பென்சோபைரீன் போன்ற கெட்ட பொருள்களும் சேர்ந்துவிடும். கருப்பாக இருப்பதே தரம் என்று நம்பி வாங்க வேண்டாம்.

சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். அமுக்கராக் கிழங்கைச் சுத்தி செய்ய, அதன் பொடியைப் பசும்பாலில் பிசிறி, புட்டுப் போல ஆவியில் அவித்து உலர்த்துவார்கள். பிட்டவியல் என்று பெயர். ஆவியால் வேரின் குணத்தைத் திருத்தலாம் என்பதை இரண்டு மருத்துவ மரபுகளும் கண்டிருக்கின்றன.

பழைய மருத்துவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள்

சீனத்தின் மிகப் பழைய மருந்து நூலான ஷென்னோங் பென்சாவ் ஜிங், ஜின்செங்கை மேல்வகுப்பு மூலிகைகளில் வைக்கிறது. ஐந்து உள்ளுறுப்புகளுக்கு வலுவூட்டும், மனத்தை நிலைப்படுத்தும், படபடப்பை அடக்கும், கண்ணைத் தெளிவாக்கும் என்கிறது. நடைமுறையில் பார்த்தால் அது தளர்ந்தவர்களுக்கான மருந்து. பெருமளவு ரத்தம் போய் உடல் சில்லிட்டுக் கிடப்பவருக்கு வேறெதுவும் சேர்க்காமல் முப்பது கிராமோ அதற்கு மேலோ ஜின்செங்கை மட்டும் காய்ச்சிக் கொடுத்தார்கள். துஷென் தாங் என்று அதற்குப் பெயர். ரத்தம் ஏற்றும் வசதி இல்லாத நாளின் அவசர மருத்துவம் அது. இன்று யாரும் வீட்டில் செய்து பார்க்கும் அளவல்ல. பசியின்மை, நீர்த்த மலம், பேசினாலே களைப்பு என்றிருப்பவருக்கு ஜின்செங்கோடு பைஷு என்ற மூலிகைக் கிழங்கு, ஃபுலிங் பூஞ்சை, அதிமதுரம் சேர்ந்த நான்மருந்துக் கஷாயம் உண்டு. வியர்த்துக் கொட்டி நா வறண்டு மூச்சு வாங்குபவருக்கு வேறொரு கூட்டு.

யாருக்குக் கூடாது என்பதிலும் அவர்கள் கண்டிப்பானவர்கள். சளிக்காய்ச்சல் தொடங்கிய முதல் நாள்களில் ஜின்செங் கொடுப்பதை, திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பிடுவார்கள். முகம் சிவந்து, தொண்டை காய்ந்து, மலம் இறுகி, தூக்கம் கெட்டிருப்பவருக்கும் கிடையாது. குடித்துவிட்டு வயிறு உப்பினால் முறிவு மருந்து முள்ளங்கி விதை. அதனால்தான் ஜின்செங் எடுக்கும் நாள்களில் முள்ளங்கியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இதே வேரைக் கொரியர்கள் உணவாகவும் ஆக்கிக்கொண்டார்கள். கோடையின் உச்சத்தில், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வரும் மூன்று ‘போக்’ நாள்களில் சம்கியேதாங் என்ற கோழிச்சாறு குடிப்பது வழக்கம். ஒருவருக்கு ஐந்நூறு கிராம் இளங்கோழி முழுதாக ஒன்று. ஒட்டும் அரிசி ஒரு கைப்பிடியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதோடு ஐந்தாறு பூண்டுப் பல், காய்ந்த சீன இலந்தை இரண்டு, விரல் பருமனுள்ள பச்சை ஜின்செங் வேர் ஒன்று ஆகியவற்றைக் கோழியின் வயிற்றுக்குள் வைப்பார்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசி உப்பும்போது தோல் கிழிந்து சாறு கஞ்சியாகிவிடும். வேரின் தலையை வெட்டி எறிவது வழக்கம், அது குமட்டலை உண்டாக்கும் என்பது பழைய நம்பிக்கை. கோழியின் கால்களைக் குறுக்காக மடக்கிச் செருகி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் பெருந்தீயில் இருபது நிமிடம், பிறகு சிறுதீயில் நாற்பது நிமிடம். நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொள்வார்கள். ஜின்செங்கை முதன்முதலாகச் சுவைக்க விரும்புகிறவருக்கு மாத்திரையைவிட இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பெயர் ஒன்று, செடி வேறு

பீகிங்கில் இருந்த ஜார்த்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மஞ்சூரியாவில் கண்ட ஜின்செங்கைப் பற்றி 1711-இல் கடிதம் எழுதினார். அதே தட்பவெப்பமுள்ள கனடாவிலும் இது இருக்கக்கூடும் என்று அதில் ஊகித்திருந்தார். அதைப் படித்த லஃபித்தோ என்ற பாதிரியார் 1716-இல் மொண்ட்ரியால் அருகே மொஹாக் என்ற பூர்வகுடி மக்களின் உதவியோடு தேடிக் கண்டெடுத்தார். அதுதான் அமெரிக்க ஜின்செங், பனாக்ஸ் குவின்குவிஃபோலியஸ். சீனத்துக்கு ஏற்றுமதி சூடுபிடித்தது. 1752 வாக்கில் பேராசை தலைக்கேறி, இலையுதிர்காலத்தில் எடுக்க வேண்டிய வேரை வசந்தத்திலேயே பிடுங்கி, நிழலில் மெல்லக் காயவைக்காமல் அடுப்பில் அவசரமாக உலர்த்தி அனுப்பினார்கள். சீன வணிகர்கள் சரக்கைத் தொடவில்லை. 1754-க்குள் வணிகம் படுத்துவிட்டது. ‘ஜின்செங் போல விழுந்தது’ என்று கனடிய பிரெஞ்சில் ஒரு சொலவடையே மிஞ்சியது. பருவமும் உலர்த்தும் பக்குவமும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கொரிய வேர் சூடு, அமெரிக்க வேர் குளிர்ச்சி என்று சீன மருத்துவம் பிரிக்கிறது. சிங்கப்பூர், மலேசியச் சீன மருந்துக் கடைகளில் மெல்லிய வட்டங்களாகச் சீவி விற்பது பெரும்பாலும் அமெரிக்க வேர்தான். வேதியியலிலும் வேறுபாடு தெரிகிறது. அமெரிக்க வேரில் ஆர்பி1 மிகுதி. கொரிய வேரில் உள்ள ஆர்எஃப் அதில் இல்லை. ஆய்வகத்தில் கலப்படம் பிடிக்க இதையே பயன்படுத்துகிறார்கள். ஆர்ஜி1 நரம்பைச் சற்றே தூண்டுவது, ஆர்பி1 சற்றே அமைதிப்படுத்துவது என்பது விலங்கு ஆய்வுகளில் தெரியும் போக்கு.

சைபீரிய ஜின்செங் இந்தப் பேரினமே அல்ல, எலூதெரோகாக்கஸ் என்ற வேறு செடி. பனாக்ஸ் அல்லாத எதையும் ஜின்செங் என்று விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2002-இல் சட்டம் செய்தது. நமக்கு நெருக்கமான குழப்பம் ‘இந்திய ஜின்செங்’. அது அமுக்கரா, அசுவகந்தா. கத்தரி குடும்பத்துச் செடி. ஜின்செனோசைடு ஒரு துளியும் கிடையாது. அதன் சத்து வித்தனோலைடுகள். அதன் லத்தீன் பெயரிலுள்ள சோம்னிஃபெரா என்ற சொல்லே தூக்கம் தருவது என்று பொருள்படும். இரவில் பாலோடு கொடுப்பதற்குப் பொருத்தமான மருந்து. ஜின்செங்கை மாலைக்கு மேல் குடித்தால் சிலருக்குத் தூக்கம் போகும். ஒன்றின் அளவையும் நேரத்தையும் எச்சரிக்கையையும் மற்றதற்குப் பொருத்தவே முடியாது. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. அந்த எச்சரிக்கைகள் தனி. தன் பெயரிலேயே பெருமையுள்ள மூலிகைக்கு இரவல் பெயர் எதற்கு என்பது என் ஆதங்கம்.

ஆய்வுகள் சொல்வது

நவீன ஆய்வுகளில் ஓரளவு கைகொடுப்பது களைப்பு. புற்றுநோயாளிகளின் களைப்பு குறித்து அமெரிக்காவில் 364 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், விஸ்கான்சினில் விளைந்த அமெரிக்க ஜின்செங் நாளொன்றுக்கு இரண்டு கிராம் கொடுத்தார்கள். நான்காம் வாரத்தில் போலி மருந்தோடு ஒப்பிட வேறுபாடு இல்லை. எட்டாம் வாரத்தில் தெரிந்தது. ரத்தச் சர்க்கரையில், 2000-இல் வெளியான ஒரு சிறு கனடிய ஆய்வு, மூன்று கிராம் அமெரிக்க ஜின்செங் குளுக்கோஸ் குடித்த பின்பான ஏற்றத்தைக் குறைத்ததாகக் காட்டியது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு நாற்பது நிமிடம் முன்பே எடுத்தால்தான் பலன் இருந்தது. இதை நம்பி மாத்திரையைக் கைவிட வழியில்லை. ஆண்மைக்குறைவுக்குச் சிவப்பு ஜின்செங் உதவுவதாக 2002-இல் ஒரு கொரிய ஆய்வு வந்தது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2021-இல், போலி மருந்தோடு ஒப்பிடும்போது விளைவு அற்பமே என்று முடித்தது. விளம்பரங்கள் இன்னும் பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. நினைவாற்றல் குறித்தும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஒரே அளவு ஒருவருக்கு வேலை செய்து மற்றவருக்குச் செய்யாமல் போவதற்குக் குடல் ஒரு காரணம். ஆர்பி1 போன்ற பெரிய மூலக்கூறுகள் அப்படியே ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. குடல் நுண்ணுயிரிகள் சர்க்கரைத் துண்டுகளைக் கடித்தெடுத்து காம்பவுண்ட் கே என்ற சிறு சேர்மமாக ஆக்க வேண்டும். அந்த நுண்ணுயிரிகள் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. நொதிக்கவைத்த சிவப்பு ஜின்செங் விற்பனைக்கு வந்தது இதை ஈடுகட்டத்தான்.

எச்சரிக்கைகளில் முதலிடம் வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு. செயற்கை இதய வால்வு பொருத்திய ஒருவருக்கு ஜின்செங் தொடங்கிய இரண்டே வாரத்தில், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 3.1-லிருந்து 1.5-க்கு இறங்கியதை 1997-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். நிறுத்தியதும் பழைய நிலைக்கு ஏறியது. வால்வு வைத்தவருக்கு 1.5 என்பது ரத்தக்கட்டிக்கான அழைப்பு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மனச்சோர்வுக்கான பழைய எம்.ஏ.ஓ. தடுப்பு மாத்திரைகளோடும், ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஏழு நாள் முன்பே நிறுத்தி, எடுத்துக்கொண்டிருந்ததை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தூக்கமின்மை, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். காப்பியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

வாங்குகிறவர்கள் பெட்டியில் தாவரப் பெயரையும், வேரா இலையா என்பதையும், ஜின்செனோசைடு எத்தனை மில்லிகிராம் என்பதையும் பார்க்க வேண்டும். கொரியாவில் சிவப்பு ஜின்செங் தயாரிப்புக்கு, களைப்பு நீங்க ஆர்ஜி1, ஆர்பி1, ஆர்ஜி3 மூன்றும் சேர்ந்து நாளைக்கு 3 முதல் 80 மில்லிகிராம் என்று வரையறை இருக்கிறது. எண் எதுவும் போடாத பெட்டியை வைத்துவிடலாம். முழு வேர் வாங்கினால், பளீரென்ற வெண்மையும் புளிப்பு நெடியும் கந்தகப் புகை போட்டதன் அடையாளம். நாக்கில் வைத்ததும் கசப்புக்கு முன் தித்தித்தால் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடை ஏற்றிய வேராக இருக்கலாம். நல்ல வேர் முதலில் கசந்து, மண்வாசனை அடித்து, பிறகுதான் மெல்ல இனிக்கும்.

வீட்டு அளவு, காய்ந்த வேர் நாளைக்கு ஒன்று முதல் இரண்டு கிராம். ஜெர்மன் அரசின் மூலிகைக் குழு வகுத்ததும் இதே அளவுதான், மூன்று மாதத்துக்கு மேல் தொடராமல். சீன மருந்தகக் கோவை மூன்று முதல் ஒன்பது கிராம் வரை போகும். அது மருத்துவர் நாடி பார்த்துக் கொடுக்கும் அளவு. சிவப்பு வேரைக் காய்ந்தபடியே வெட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பத்து நிமிடம் ஆவி காட்டினால் கத்தி இறங்கும். சீவிய வில்லைகளை மண் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் நானூறு மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, மூடி போட்டு, கொதி அடங்கிய சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் பாதியாகச் சுண்டும். இரும்புச் சட்டி வேண்டாம் என்பது பழைய விதி. காலையில், வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் சிற்றுண்டிக்குப் பின் குடிக்கலாம். அதே வில்லைகள் இரண்டாம் முறையும் சாறு விடும். அதன் பிறகு மென்று தின்றுவிடலாம்.

எட்டு வாரம் பாருங்கள். களைப்பில் மாற்றம் தெரியவில்லையென்றால் உங்கள் உடலுக்கு இது பேசவில்லை என்று நிறுத்திவிட்டு, ரத்தசோகையா, தைராய்டா, தூக்கக் குறைவா என்று சோதித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் வேரை வீட்டில் யாருக்கும் மேற்சொன்ன தடை இல்லையென்றால் கோழிச்சாற்றில் போட்டுத் தீர்க்கலாம்.